எண்ணெய்னா எண்ணெய்தான்

"அம்மா, உன் மகன் சேமிசி எழுதறேன். வயசு இருபத்திநாலு, இருக்கறது இன்வர்கார்கில். இந்த வயசோட என் கதை முடிஞ்சிடும்போல இருக்கு."

கைப்பேசியை வாயருகே வைத்து அவன் சொல்லச் சொல்ல, அது எழுத்தாகிக்கொண்டே வந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்தி பிடித்த விரல்கள் தட்டி எழுத மடங்குவதில்லை.

விஷயம் இதுதான். தன் தீவான டோங்காவிலிருந்து கிளம்பிய அன்று, அப்பாவின் அக்கா லோசே அத்தை தன் சிடி பிளேயரை அவனிடம் கொடுத்தாள். விரித்த கையளவில் வட்டமான பழைய சாமான். உள்ளே ஊர்ச் சர்ச் பாடகர் குழுவின் சிடி. அதில் அத்தையின் குரலும் உண்டு. மாதம் தவறாமல் எண்ணெய் போடு, வேற்று ஆள் கை படக் கூடாது, உன் கல்யாணத்துக்கு நான் வரும்போது இது பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்றாள்.

அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்பாவே அவள் எதிரில் குரலைத் தாழ்த்துவார். ஊர் வழக்கப்படி, கல்யாணத்தில் முதல் மரியாதையோடு முதல் பாயில் உட்காரப்போகிறவள் அவள். மனசு நொந்து எழுந்துவிட்டாள் என்றால் கல்யாணமும் கூடவே எழுந்துவிடும்.

கோடைக்காலம் முழுக்க ஆக்லாந்தில், சித்தப்பா வீட்டில் பெட்டி நன்றாகவே பாடியது. குளிர் தொடங்கும் நேரத்தில் வேலைக்காக நாட்டின் தென்கோடியில் இருக்கும் இன்வர்கார்கிலுக்கு வந்தான். வந்ததும் அது ஊமையாகிவிட்டது. பேட்டரி மாற்றினான். பாட்டைப் படிக்கிற கண்ணாடிக் கண்ணைத் துடைத்தான். அத்தை சொன்னதைவிடத் தாராளமாகவே எண்ணெய் விட்டான். சிடி சுற்றியது. பாட்டு வரவில்லை.

எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினான். அம்மா வழக்கம்போல் ஓர் இதயப் படம் மட்டும் பதிலாக அனுப்பினாள்.

மறுநாள் அத்தை கூப்பிட்டாள்.

"பெட்டி பாடுதா?"

"ஜம்முன்னு பாடுது அத்தை."

"எங்க, போன்கிட்ட வை, கேக்கறேன்."

வேறு வழியில்லை. போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, அறையின் மூலைக்குப் போய், இரண்டாம் சரணத்தை அவனே அடிக்குரலில் பாடினான். அத்தை பொறுமையாகக் கேட்டாள்.

"குழுவுக்கே சளி பிடிச்சிருக்குபோல. வெந்நீர் குடிக்கச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமைகளில் ஊர் மண்டபத்தில் பழைய சாமான்களை இலவசமாகச் சரிசெய்து கொடுப்பார்கள். நோயலின் என்ற நரைத்த தலைக்காரி அங்கே உட்கார்ந்திருப்பாள், காலடியில் ஹீட்டர், முழங்கையருகே சீஸ் ரோல். அவள் மேஜையில் பெட்டியை வைத்து, கொஞ்ச நேரம் தன் கதையைச் சொல்லி, பொத்தானை அழுத்தினான். கணீரென்று பாடியது.

வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஊமை.

அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து.

"கண்ணு, என்னைப் பாக்கத்தான் வர்றியா? எனக்கு எழுபது தாண்டியாச்சு," என்றாள் நோயலின்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையிடம் சொன்ன பொய் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் தன் அறையில் மட்டும் வாய் திறக்க மறுக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினான். இதயப் படம் வந்தது. சற்று நேரத்தில் அத்தையும் கூப்பிட்டாள். பெட்டியிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாயா என்று கேட்டாள்.

கல்யாணத்துக்காக அத்தை விமானம் ஏற ஒரு வாரம்கூட இல்லை. அந்தச் சனிக்கிழமை, கதவு திறந்த உடனேயே போய் நின்றான். மண்டபம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. நோயலின் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பொத்தானை அழுத்தினான். சத்தமே இல்லை.

"அப்பாடா. இன்னிக்குதான் நோயாளி நோயோட வந்திருக்கான்," என்றாள் அவள்.

வேற்று ஆள் கை படக் கூடாதே. அதனால் திருகாணிகளை அவன் கழற்ற, அவள் டார்ச் மட்டும் அடித்தாள். பாட்டைப் படிக்கிற கண் முன்னும் பின்னும் நகரும் கம்பியில் வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. நோயலின் குனிந்து மோந்து பார்த்தாள்.

"இதென்ன, கேக் வாசனை அடிக்குது. என்ன விட்டே இதுல?"

"எண்ணெய்தான்."

"என்ன எண்ணெய்?"

"எண்ணெய்னா எண்ணெய்தான். தலைக்கு, உடம்புக்கு, எல்லாத்துக்கும் அதானே. இந்த ஊர்ல பாட்டிலை வெந்நீர்ல நிறுத்தி உருக்கினாதான் அது வெளியவே…"

அவன் ஊரில் எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய்தான். அங்கே அது உறைந்து யாரும் பார்த்ததில்லை. இங்கே அவன் குளிர் அறையில் உறைந்து, மண்டபத்து ஹீட்டர் சூட்டில் உருகியிருக்கிறது.

நோயலின் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியால் கம்பியை அவனையே துடைக்கச் சொன்னாள். தன் குழாயிலிருந்து குண்டூசித் தலையளவு கிரீஸ் எடுத்துக் கொடுத்தாள். தடவி மூடிப் பொத்தானை அழுத்தினான்.

அந்தக் குளிரில் அத்தையின் குரல் கூரை வரை எழும்பியது. சேமிசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். நோயலின் சிரிப்பை நிறுத்திவிட்டு, பாட்டு முடியும்வரை கேட்டாள்.

தெருவுக்கு வந்ததும் கைப்பேசியை எடுத்தான்.

"அம்மா, பிழைச்சேன். பெட்டி பாடுது. கோவமும் இல்ல, சாபமும் இல்ல, எல்லாம் தேங்காயெண்ணெய் பண்ணின வேலை. இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இந்த முறை இதயப் படம் வரவில்லை. எழுத்து வந்தது.

"சேமிசி, உங்கம்மா கண்ணாடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு, நீ அனுப்பறதையெல்லாம் அவளுக்குப் படிச்சுக் காட்டறதே நான்தான். அத்தைகிட்ட சொல்லல, பயப்படாதே. குழுவுக்குச் சளி விட்டுதுல்ல, அது போதும். கல்யாணத்துக்குப் புது எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டு வரேன், தயவுசெஞ்சு தலைக்கு மட்டும் தேய்ச்சுக்கோ."