அத்தா சொன்ன சீமைக் கதை

“எம்மேல உங்களுக்கு என்னதானுங்கம்மா கோவம்? வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க!”

இர்பான் கெஞ்சிக்கொண்டிருந்தது ஒரு பச்சைத் திரைச்சீலையிடம். சீலைக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா ஹலீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. உங்க அத்தாவுக்காக இருக்கற இத்தா. இதுல ஒரு குறையும் வரப்படாது. நீ போயி கடையப் பாரு.”

அவன் தகப்பன் சையத் இப்ராஹிம் இறந்த நாளிலிருந்து இதே பாட்டுத்தான். கணவனை இழந்தவள் சில மாதம் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. சரி, இருக்கட்டும். பெற்ற மகன் வெளி ஆண் கணக்கில் வரமாட்டான், அவனுக்குத் தடையே இல்லையென்று பள்ளிவாசல் ஹஜ்ரத் அடித்துச் சொல்லிவிட்டாரே, அப்புறமும் எதற்கு இந்தச் சீலை?

ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் தன் கடையைச் சாத்திவிட்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னொரு கரண்டி போட்டுக்க சாமி” என்று உயிரை வாங்குகிற அம்மா அவள். இப்போது சோறு போடுவது அவன் மனைவி சனாதான்.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் இர்பான் நினைத்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அத்தாவைக் காரில் போட்டுக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து சேலம் ரோட்டில் இறங்கினான். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி பழுதாகிக் குறுக்கே நின்றது. இன்னொரு மலைப்பாதையான குப்பனூர் வழியாகப் போயிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார் என்று ஊரே பேசியது. அம்மாவும் அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு முகம் காட்ட மறுக்கிறாள் என்று நினைத்து நினைத்து வெந்தான்.

அன்று சாயங்காலம் டிவியைக் கொண்டுவந்து சீலைக்கு எதிரே வைத்தான்.

“ஏனுங்கம்மா, உங்க சீமை பங்களா நாடகம் கெடச்சிருச்சு!”

சீலை அசைந்தது. “எது, குதிரை வண்டியும் ஆட்டு மந்தையும் வருமே, அதுவா?”

“அதேதானுங்க. நெட்டுல தேடிப் புடிச்சேன். கீழ தமிழ்ல எழுத்து வேற ஓடுது.”

“எனக்கு எழுத்து எங்க தெரியுது? நீ படி.” அவள் குரலில் பழைய ஈரம் வந்திருந்தது. “அப்ப எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. பித்துப் புடிச்சவளாட்டம் கெடந்தேன். ஞாயித்துக்கெழமையானா உங்க அத்தா இந்த நாடகத்தப் போட்டு, அவங்க இங்கிலீசுல பேசறத வரிக்கு வரி தமிழ்ல சொல்லுவாரு. எனக்கு நொம்ப ஆறுதலு.”

இர்பான் உரக்கப் படித்தான். அம்மா சிரித்தாள், “ஆமா, ஆமா, இவன் பொல்லாதவன்” என்று முந்திக்கொண்டு கதை சொன்னாள். அப்பாடா, அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று அவன் சீலைக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அந்தத் தொட்டில் வர்ற எடத்தப் போடு சாமி. வேலைக்காரி பிரசவத்துல செத்துப் போவா. புள்ளையில்லாத எஜமானி அந்தக் கொழந்தையப் பாப்பா.”

போட்டான். தொட்டிலுக்குப் பக்கத்தில் எஜமானி நின்றாள். இர்பான் படித்தான்: “‘இதை இங்கிருந்து கொண்டுபோய்விடுங்கள். இன்னொருத்தி பெற்றது ஒருநாளும் என் பிள்ளையாகாது.’”

“தப்பாப் படிக்கறே. ‘யாரு பெத்தா என்ன, இனி இது எம்புள்ளை’ன்னு சொல்லுவா. நல்லாப் பாத்துப் படி.”

அவன் திரும்ப ஓடவிட்டுப் படித்தான். அதே வரிதான். டிவியில் குழந்தையை ஏற்றிக்கொண்டு வண்டி மழையில் போனது. எஜமானி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

இர்பானுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “அட, நம்ம அத்தாவா! எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டருங்ககிட்ட யெஸ், நோன்னு பேசுன இங்கிலீசு. அத வெச்சுக்கிட்டு என்னமா அளந்து உட்டிருக்காரு!”

உள்ளே அழுகை கேட்டது. அத்தாவை எடுத்துக்கொண்டு போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

அவன் பதறிப்போனான். “நாடகந்தானுங்களேம்மா! உங்க மனசு நோவப்படாதுன்னு அத்தா ஒரு பொய் சொல்லியிருக்காரு. அதனால இப்ப என்ன கெட்டுப்போச்சு?”

அழுகை நிற்கவில்லை. இர்பான் சீலைக்கு முன்னால் மண்டியிட்டான்.

“குப்பனூர் ரோட்ட உட்டுட்டுப் போனது என் தப்புதானுங்கம்மா. நாலு அடி வேணா அடிச்சுப்போடுங்க. இப்படி மூஞ்சிய மட்டும் மறைக்காதீங்க. நான் உங்க புள்ளையில்லீங்களா?”

“அய்யோ, உம்மேல ஒரு தப்பும் இல்ல சாமி!”

சீலை விலகி ஒரு கை வெளியே வந்தது. அவன் தலையைத் தொடப்போய், தொடாமல் நின்றது.

“அந்தப் பொய்ய நம்பித்தான் கண்ணு, உன்னைய எடுத்து வளத்தேன்.”