வற்றிய கடல்

கடல் மறுபடி உள்வாங்கிக் கிடக்கிறது. நேற்று அக்காவோடு கூடாரம் போட்ட கையோடு தம்பி வேடிக்கை பார்க்க நடந்து போன பாறை வரைக்கும் ஈர மணல் காலை வெயிலில் பளபளக்கிறது. ஒரு காலடித் தடம்கூட இல்லை. "தண்ணி ஏறுறதுக்குள்ள வந்துடுறேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே போனவன். தேடப் போன படகுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்தபடி அக்கா முன்னால் வந்து நிற்கிறார். "பாறைக்கு அந்தப் பக்கமும் பாத்துட்டோம்மா. கூடாரத்தப் பிரிச்சிடுங்க. அடுத்த ஏத்தம் நேத்தையவிடப் பெருசு, தண்ணி இங்க வரைக்கும் வந்துடும்." அவள் தம்பியின் துண்டைக் கூடாரக் கயிற்றில் திருப்பிப் போடுகிறாள். "பிரிச்சிட்டா அவன் எங்கன்னு வருவான்?" அவள் மண்டியிட்டு, தளர்ந்திருந்த கூடார ஆணியைக் கல்லால் ஓங்கி அடிக்கிறாள். ஆணி முழுக்க மணலுக்குள் இறங்கிய பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறாள்.