மூன்றாவது சலவை

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடு கோடாகக் கிடத்தியிருக்கிறது. சமையலறைக்குப் பின்னால் வாஷிங் மெஷின் தடதடக்கிறது. அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தபடி, பிளாஸ்டிக் நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிறார் அவள் கணவர். கடற்படையில் பதினைந்து வருஷம், சரக்குக் கப்பல்களில் இருபத்து நான்கு வருஷம், அத்தனையும் எஞ்சின் அறையில். எஞ்சின் இரைந்தால் நிம்மதி, நின்றால்தான் அவருக்கு விழிப்பு. ஓய்வு பெற்று வந்த பத்து நாளாய்ப் பொட்டுத் தூக்கமில்லை. "வீடு ரொம்ப அமைதியா இருக்கு. பேசாம இன்னொரு கப்பல் ஏறிடட்டுமா?" என்று நேற்று அவர் கேட்டதும் அவள் அவருடைய பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். இன்றைக்கு, மெஷின் ஆட்டம் சரியில்லையே என்று பார்க்க உட்கார்ந்தவர், அப்படியே அசந்துவிட்டார்.

இப்போது ஓடுவது மூன்றாவது சலவை; முதல் இரண்டு தடவையும் மெஷின் நின்றதுமே, அவர் கண் திறக்குமுன் ஓடிப்போய் மறுபடி ஓடவிட்டாள். உள்ளே அவருடைய வெள்ளைச் சீருடைகள், அழுக்கே இல்லாதவை, புரண்டு புரண்டு குளிக்கின்றன. "துவைச்ச துணியையே எத்தனை தடவைம்மா துவைப்ப?" என்கிறாள் மகள். "கத்தாதடி, அப்பா முழிச்சிக்கப் போறாரு" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள் அவள்.

மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. அந்த நொடியே அவர் துள்ளி நிமிர்கிறார். கண் இன்னும் திறக்கவில்லை. கை மட்டும் காற்றில் ஏதோ வால்வைத் தேடுகிறது. "எஞ்சின் ஏன் நின்னுச்சு?"

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கரை வந்தாச்சுங்க."

"அப்ப சரி" என்று அவர் மறுபடியும் சாய்கிறார். சத்தமில்லாத வீட்டில் அவருடைய குறட்டை மெல்லக் கிளம்புகிறது.