ரிப்பன் அவிழ்ப்பவள்

ஏரியில் நீந்தி, மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து, கடைசியாகக் காட்டுக்குள் ஓட வேண்டும். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நாச்சியம்மைக்கு ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் சாம்பியன்ஷிப். ஓட்டம் தொடங்கும்போதே அவள்தான் கடைசி. பத்தடி பின்னால் எஸ்தர் வந்தாள். வழிகாட்ட மரங்களில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன்களை, கடைசி ஆள் கடந்ததும் அவிழ்த்தெடுப்பது அவள் வேலை. தன் முதுகுக்குப் பின்னால் பாதை ஒவ்வொரு ரிப்பனாக இல்லாமல் போவதை நாச்சியம்மை கேட்டுக்கொண்டே ஓடினாள். மூங்கில் புதரருகே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, உட்கார்ந்துவிட்டாள். "என்னால உனக்கும் தாமதம். நீ அவுத்துக்கிட்டே போம்மா, நான் மெதுவா வந்துடறேன்." "உங்களைத் தாண்டி ஒரு ரிப்பனைக்கூட நான் தொடக் கூடாதுக்கா," என்றாள் எஸ்தர். "நீங்க உட்கார்ந்திருந்தாலும் போட்டி நடந்துகிட்டுதான் இருக்கு." சொல்லிவிட்டு, அவசரமே இல்லாதவள் போல அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்காக இப்படி யாரும் காத்திருந்ததாக நாச்சியம்மைக்கு நினைவில்லை. ஒரு வேரைப் பிடித்து எழுந்தாள். கொஞ்ச தூரம் நொண்டினாள், பிறகு ஓடினாள். போட்டிக்கான நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் முடிவுக் கோட்டைத் தாண்டினாள். நடுவர் பதக்கத்தை மாட்டிவிட்டு, "நீங்கதானேம்மா கடைசி? கடிகாரத்தை நிறுத்திடலாமா?" என்றார். "பொறுங்க சார். எனக்குப் பின்னால ஒருத்தி வர்றா," என்ற நாச்சியம்மை, காட்டைப் பார்த்துத் திரும்பி நின்று கைதட்டத் தொடங்கினாள்.