அதே ஆளு, அதே பாட்டு

சிவராஜ் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுப்பதாக இல்லை.

ஓசூர் ஜாஸ் விழாவில் அவருக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. மூன்று தடவை பாட்டு முடிவதுபோல் வந்தது. மூன்று தடவையும் சபை கைதட்டியது. தட்டி ஓய்வதற்குள் அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஏங்க, இது முடியுமா முடியாதா?" என்றார் முன்வரிசையில் இருந்த ஜோதியம்மாள்.

"ஜாஸுன்னா அப்படித்தான். மனசுக்குத் தோணுறதை வாசிப்பாங்க," என்றார் கணவர் தங்கதுரை, முந்தின நாள் ஒரு வீடியோ பார்த்த தைரியத்தில்.

"அவருக்குத் தோணுறது சரி. நமக்குத் தோணுறதைச் சொல்லலாமா?"

அதற்குள் பலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தமிழில் ஒரு 'போதும்', கன்னடத்தில் ஒரு 'சாக்கு', தெலுங்கில் ஒரு 'சாலு'. மூன்று மொழிக்காரர்களும் ஒரே கருத்துக்கு வருவது ஓசூரில் அபூர்வம். ஜாஸ் அதைச் சாதித்தது.

விழாச் செயலாளர் பிரதாப் மேடையோரம் போய்க் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சிவராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

பிரதாப் திரும்பி வந்து, முன்வரிசைக்குக் கேட்கும்படி பொருமினார்.

"அடுத்தது சத்யப்ரியாங்க. புதுப் பொண்ணு. ஃபேக்டரி வேலை பாத்துக்கிட்டே பாட்டு கத்துக்கிட்டது. வளர்ற பொண்ணோட நேரத்தை இந்த மனுசன் முழுங்குறாரு பாருங்க!"

"எதுக்காம்?"

"வன்மம்ங்க. விழா வாட்ஸப் குரூப்புல அந்தப் பொண்ணு 'நாலு வருசமா அதே ஆளு, அதே பாட்டு'ன்னு போட்டுச்சு. அந்தக் கோவம்."

"பெரிய மனுசன் பண்ற வேலையா இது? மைக்கை நிறுத்துங்க!" என்றார் ஜோதியம்மாள்.

"நிறுத்திடலாங்க. விதிமுறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

விதிமுறைகளை விழா தொடங்கும்போதே அவர் மைக்கில் படித்திருந்தார். பெயரைக் கூப்பிடும்போது ஆள் மேடையோரம் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷமும் வாய்ப்பு கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது, காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர் ஏறிவிடுவார். அப்படிக் காத்திருந்த ஒருவர், கிட்டாரும் புதுக் கோட்டுமாக மேடைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

மைக் செத்தது. சிவராஜ் மைக் இல்லாமலே, முன்னைவிடப் பலமாக ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வப்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலைப் பார்த்தார்.

அந்த வாசல் வழியாக, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஊசலாட, ஒரு பெண் ஓடிவந்து மேடையோரம் நின்றாள்.

சிவராஜ் நான்கே ஸ்வரத்தில் பாட்டை முடித்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு இறங்கினார். கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை.

பிரதாப் கைக்கடிகாரத்தை மறுபடி பார்த்தார். பிறகு சத்யப்ரியாவின் பெயரைக் கூப்பிட்டார்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே பாடினாள். மூச்சு வாங்கியதையும் ஜாஸ் என்றே சபை எடுத்துக்கொண்டது. இம்முறை கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

இறங்கியவளை ஜோதியம்மாள் பிடித்துக்கொண்டார். "நல்லா பாடின கண்ணு. உன் நேரத்தைத் தின்ன அந்த ஆளை மட்டும் சும்மா விடாத."

"ஐயோ, இல்லைங்கம்மா! எங்க கம்பெனி பஸ்ஸு அத்திப்பள்ளி தாண்டி ஜூஜுவாடியில லாரி நெரிசல்ல மாட்டிக்கிச்சு. பிரதாப் சாருக்குப் போன் போட்டு, 'கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார்'னு கெஞ்சினேன். 'விதின்னா விதி'ன்னு வச்சுட்டாரு."

முன்வரிசை பிரதாப் பக்கம் திரும்பியது.

"அப்புறம்?"

"வேற யாரையும் எனக்குப் பழக்கம் இல்லைங்க. குரூப்புல போட்டதுக்கு சிவராஜ் சார் என்னைக் கூப்பிட்டுத் திட்டினாரு. விழாவுல எங்கிட்ட பேசின இன்னொரு ஆளு அவர்தான், அவருக்கே போட்டேன். மேடை ஏறப் போறப்ப எடுத்தாரு. அழுதுட்டேன். 'அதே ஆளுதான், அதே பாட்டுதான். நீ வந்து சேர்ற வரைக்கும் ஓடும், வா'ன்னாரு."

பிரதாப் தொண்டையைக் கனைத்தார். "பாருங்க, விதிமுறைங்கறது எல்லாருக்கும் பொதுவா..."

புதுக் கோட்டுக்காரர் கிட்டாரோடு வந்து அவர் தோளைத் தொட்டார்.

"மாமா, அந்தப் பொண்ணு வராதுன்னுதானே சொன்னீங்க?"