இடது கால்

கணவன் பெயரைக் கேட்டதும் பொன்னி எழுந்து நின்று இடது காலைத் தூக்கினாள். காலோடு சங்கிலியும் எழுந்தது.

"பாத்தீங்களா வக்கீலய்யா," என்றான் காவலாள். "ஒண்ணர வருசமா இதே ஆட்டந்தான்."

வக்கீல் அபுல் ஹசன் கையிலிருந்த சான்றிதழைப் படித்தார். தமிழ் தெரியாத டாக்டர் ஒருவர் எழுதியது. கணவன் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஒற்றைக் காலில் நிற்கிறாள், புத்தி சுவாதீனமில்லை என்று இருந்தது. கணவன் பெயர் கீழே இருந்தது. தாண்டவராயன், சிதம்பரம்.

அவர் காகிதத்தை மடித்தார். ஆடுகிற சாமியின் பெயரா என்று மெதுவாகக் கேட்டார். பொன்னி காலை இறக்கிவிட்டுத் தலையசைத்தாள். முதல் தடவையாக ஒரு மனிதருக்குப் புரிந்திருந்தது.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் மனைவி ஆசியா உம்மாளும் அவர் பெயரைச் சொன்னதில்லை.

குறிஞ்சிப்பாடிக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த வைத்திய விடுதி. குழந்தை செத்து ஒரு மாதம் பொன்னி பேசவில்லை, சாப்பிடவில்லை. தாண்டவராயன் கோர்ட்டில் மனுப் போட்டு அவளை அங்கே சேர்த்தான். மாதாமாதம் மொட்டையடித்தார்கள். விடிவதற்குள் நாற்பது குடம் தண்ணீர் ஊற்றினார்கள். அழுதால் பிரம்பு. அவளுடைய அக்காள் செல்லாயி ஒருமுறை பார்க்க வந்தபோது கணுக்காலில் புழு இருந்தது. அன்றே கடலூருக்குப் பஸ் ஏறி வக்கீலைத் தேடினாள்.

அபுல் ஹசன் இரண்டு மனுக்கள் எழுதினார். ஒன்று விடுதலைக்கு, மற்றொன்று அடித்தவர்கள் மேல்.

பெயர் சொல்லாத வழக்கத்தை மாஜிஸ்திரேட்டும் அறிவார். ஆனால் டாக்டர் எழுதியதைத் தள்ள வேண்டுமானால் அவள் தன் முன்னால் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்றார். புத்தி தெளியாதவளின் புகாரைக் கோர்ட்டு எடுக்காது. அதனால் முதலில் தெளிவு, பிறகுதான் அடித்த வழக்கு. செல்லாயி தன் வீட்டுக்கு அழைத்துப் போகக் கேட்டாள். கணவன் இருக்கும்போது அவன் சம்மதித்து அழைத்துப் போனால்தான் உண்டு என்றார்கள்.

தாண்டவராயன் மறுநாள் தானாகவே வக்கீல் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"நான் கெட்டவன் இல்லீங்க," என்றான். "அவ எப்பிடி இருந்தா தெரியுமா? அவ கொரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதில்ல. அந்தப் பழைய பொன்னியா வந்துட்டா அன்னிக்கே கூட்டிக்கினு போறேன்."

அழுதான். பாதி ஜெயித்துவிட்டதாக அபுல் ஹசன் நினைத்தார்.

மீதி பொன்னியிடம் இருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் செல்லாயியோடு விடுதிக்குப் போனார். கிழமை, மாதம், ஊர், எல்லாம் சரியாகச் சொன்னாள். பெயர் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னா அவுருக்கு ஆயுசு கொறையும்க்கா."

"அவனுக்கு ஒண்ணும் ஆவாதுடி," என்றாள் செல்லாயி. "ஒன்னக் கொண்டாந்து இங்க கட்டிப் போட்டுட்டு மூணு வேளையும் நல்லாத்தான் திங்கிறான். நீ நூறு தடவ சொல்லு."

பொன்னி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். ஒரே ஒரு தடவைதானா என்று வக்கீலிடம் கேட்டாள். ஒரே தடவை, அதோடு இந்தச் சங்கிலி இல்லை என்றார் அவர்.

கோர்ட்டில் அவளுக்குத் தலையில் ஒரு விரற்கடை முடி வளர்ந்திருந்தது. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். காவலாள் இரண்டடி தள்ளி நின்றான்.

மாஜிஸ்திரேட் கிழமை கேட்டார். சொன்னாள். குழந்தையின் பெயரைக் கேட்டார். சொன்னாள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"செத்துப் போச்சுங்க," என்றாள்.

கணவன் பெயரைக் கேட்டார்.

இடது குதிகால் தரையிலிருந்து சற்றே எழும்புவதை அபுல் ஹசன் பார்த்தார். அது மறுபடி தரையில் படிந்தது.

"தாண்டவராயன்," என்றாள் பொன்னி. கடைசி பெஞ்சு வரை கேட்டது. உடனே தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். டாக்டரின் சான்றிதழை எடுத்துக் காகிதக் கட்டின் அடியில் வைத்தார். செல்லாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அபுல் ஹசன் இரண்டாவது மனுவைக் கையில் எடுத்தார்.

சேர்த்த மனுதாரர் அழைத்துப் போகச் சம்மதிக்கிறாரா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

தாண்டவராயன் எழுந்தான். அவளுக்கென்று வாங்கிய புடவை அவன் கக்கத்தில் இருந்தது. கும்பிட்டான்.

"பதினோரு வருசமா எம் பேரு அவ வாயில வந்ததே இல்ல சாமி," என்றான். "இத்தினி பேருக்கு முன்னால சொல்லிட்டா. அவளுக்கு இன்னும் தெளியலீங்க."