நான்காம் தொட்டியின் சேறு

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றைக் காயவைப்பது மாரிக்கொழுந்தின் வேலை. ஒளி புகும் தகடு வேய்ந்த கொட்டகைக்குள் பாத்தி பாத்தியாகப் பரப்பி, ஒரு நாளைக்கு மூன்று முறை புரட்டிவிட வேண்டும். பன்னிரண்டு நாள் வெயிலில் அது கரிபோல் இறுகிவிடும். பிறகு செங்கல் சூளையில் எரிக்க லாரியில் போகும். அவள் கணவன் சின்னராசு இங்கேதான் நான்காம் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்தான். அதற்குப் பிறகு அவளுக்குக் கொடுத்த வேலை இது.

விசாரணைக்காக ஓராண்டு மூடிக்கிடந்த அந்தத் தொட்டியைச் சித்திரையில் திறந்து, சேற்றை அவளுடைய பாத்தியில் கொட்டினார்கள்.

"இத நீ தொட வேணாம்மா. வேற ஆள விடுறேன்," என்றார் சூப்பர்வைசர் ஜெபராஜ்.

"நானே பாத்துக்குறேன் சார்."

மற்ற பாத்திகளில் பலகையை வீசி இழுப்பவள், இதில் மட்டும் குனிந்து உட்கார்ந்து, கட்டிகளைக் கையால் உடைத்துத் திருப்பிப் போட்டாள். பதின்மூன்றாம் நாள் லாரி வந்தபோது அவளும் ஏறிக்கொண்டாள்.

சூளைக்காரர் தடுத்தார். "அனல் அடிக்கும். பொம்பளைங்க இங்க நிக்கக் கூடாதும்மா."

"எம் புருஷன் செத்த அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க. போலீசே கொண்டுபோய் எரிச்சிட்டாங்க. மொகத்தக்கூட காட்டல," என்றாள்.

அவர் ஒதுங்கி நின்றார். மாரிக்கொழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் கூடையைச் சூளையின் வாயில் தானே போட்டாள்.